சொந்த நாட்டுக்கு வெளியே இருந்தபடி இன்னொரு நாட்டு விசா: முழுமையான வழிகாட்டி

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "குடியிருப்பு அட்டை?" என்றார். கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார், மேசையிலிருந்த நாட்காட்டியில் விரலை ஓட்டினார். பிறகு அட்டையைப் பாஸ்போர்ட்டின்மேல் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டார். பயணம் முடிந்து நான் திரும்பும் நாளிலிருந்து ஏழாவது வாரத்தில் அட்டை காலாவதியாகிறது. குறைந்தது 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தூதரகத்தின் கணக்கு. ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், விடுப்புக் கடிதம், ஹோட்டல் முன்பதிவு என்று பத்து நாள் உட்கார்ந்து சேர்த்த காகிதக் கட்டு உறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

சொந்த நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவரிடம் விசா அதிகாரி மனத்துக்குள் கேட்கும் கேள்வி, திரும்பி வருவாரா என்பது. வெளிநாட்டில் வசித்துக்கொண்டு மூன்றாவது நாட்டுக்கு விண்ணப்பிப்பவரிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: எங்கே திரும்பிப் போவார்? அதற்குப் பதில் சொல்லும் காகிதம், நீங்கள் இப்போது இருக்கும் நாடு உங்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி. பணமும் பயணத் திட்டமும் அதன் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. ஆகவே எந்தப் படிவத்தையும் திறப்பதற்கு முன்னால் அந்த அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

முதல் படி: இங்கிருந்து விண்ணப்பிக்க முடியுமா?

இதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நீங்கள் இருக்கும் நாட்டில் வேலை அல்லது படிப்பு அனுமதியோடு வசிப்பவரா, சுற்றுலாவாக வந்து தங்கியிருப்பவரா என்பதைப் பொறுத்து விடை மாறும். வசிப்பவருக்குக் கதவு பெரும்பாலும் திறந்திருக்கும். சுற்றுலாவாக வந்தவருக்குப் பெரும்பாலும் சாத்தியிருக்கும். அனுமதி புதுப்பிப்புக்குக் கொடுத்துவிட்டுக் கையில் ரசீதோடு காத்திருப்பவர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அந்த ரசீதைச் சில தூதரகங்கள் ஏற்கும், சில ஏற்காது. எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் நாடுகளுக்கான விதி தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா சட்டத்தொகுப்பின் 6ஆம் பிரிவுப்படி, நீங்கள் சட்டப்படி வசிக்கும் இடத்துக்குப் பொறுப்பான தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வசிக்காமல், சட்டப்படி தங்கியிருக்க மட்டும் செய்கிறீர்கள் என்றால், ஏன் அங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதற்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "இங்கே அப்பாயிண்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது" என்பது காரணமாகாது. நீண்ட அலுவல் பயணத்தின் நடுவே எதிர்பாராமல் அழைப்பு வந்தது, சொந்த நாட்டுக்குப் போய்த் திரும்ப நாள் போதாது என்பது போன்றவை காரணமாகும், ஆவணம் இருந்தால். இது குறுகிய காலத் தங்கலுக்கான விதி. வேலைக்கோ படிப்புக்கோ நீண்ட காலம் தங்கும் விசா என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம்.

அமெரிக்காவின் நிலை 2025இல் மாறிவிட்டது. அதற்கு முன்பு, நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்கும் நாடாகப் பார்த்துப் பறந்துபோய் விசா வாங்கி வருவது பலருக்கு வழக்கமாகவே இருந்தது. 2025 செப்டம்பர் 6ஆம் தேதி அறிவிப்புக்குப் பிறகு, குடியேற்றம் அல்லாத விசாக்களுக்கு (சுற்றுலா, படிப்பு, தற்காலிக வேலை போன்றவை) குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். வசிக்கும் நாடு என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டும். அமெரிக்கத் தூதரகம் வழக்கமான விசாப் பணி செய்யாத நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும் மாற்று இடம் குறித்திருக்கிறார்கள். ஈரானியர்களுக்குத் துபாய் போல. வேறு ஊரில் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் மாட்டார்கள், இன்னோர் இடத்துக்கு மாற்றியும் தரமாட்டார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு டிக்கெட் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜப்பான் விசாவுக்கும் வசிப்பிடத்துக்குப் பொறுப்பான தூதரகமே பொதுவிதி. சுற்றுலாவாக வந்த நாட்டிலிருந்து கேட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் வேறு மாதிரி. விண்ணப்பம் இணையத்தில் போகிறது. கனடாவுக்குக் கைரேகை கொடுக்க, நீங்கள் சட்டப்படி நுழைந்து தங்கியிருக்கும் நாட்டிலுள்ள மையம் எதுவானாலும் போதும். பிரிட்டனின் வருகையாளர் விசாவும் இந்த விஷயத்தில் தாராளமானது. ஆனால் வாசல் திறந்திருப்பதாலேயே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். ஏன் இங்கிருந்து கேட்கிறார் என்ற கேள்வி கோப்பில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாம் படி: எந்தத் தூதரகம்?

ஷெங்கன் பகுதிக்குள் பல நாடுகள் போகிறவர், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. இது சொந்த நாட்டில் இருப்பவருக்கும் பொதுவானதுதான். வெளிநாட்டில் வசிப்பவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, ஒரே நாட்டுக்குள் பல துணைத் தூதரகங்கள் இருந்தால் எது உங்கள் முகவரிக்கு உரியது என்பதை. உங்கள் குடியிருப்பு அட்டையில் பழைய ஊர் முகவரி இருக்கிறது, நீங்கள் வேறு மாகாணத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மற்றதைக் கைகாட்டுவார்கள். முகவரி மாற்றத்தை முதலில் பதிவு செய்துவிடுவது நல்லது.

நாம் காகிதம் கொடுக்கும் இடம் பெரும்பாலும் தூதரகமே அல்ல, அது நியமித்திருக்கும் தனியார் விண்ணப்ப மையம். அங்கே இருப்பவர் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவார். விசா தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பவர் அவரல்லர். "இது கிடைக்கும்", "இது கிடைக்காது" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள்.

மூன்றாம் படி: நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அக்டோபர் 20 புறப்பாடு, நவம்பர் 2 திரும்பல் என்று வைத்துக்கொள்வோம். ஷெங்கன் விசாவுக்குப் புறப்படும் நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து, அதாவது ஏப்ரல் 20 முதல், கொடுக்கலாம். கடைசி நாள் 15 நாள் முன்பு, அக்டோபர் 5. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு. மேலும் விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள்வரை நீட்டலாம். 45 நாள் பின்னால் போனால் செப்டம்பர் 5. வெளிநாட்டில் வசிப்பவரின் கோப்பில் விசாரிக்க எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும் என்பதால், ஆகஸ்ட் இறுதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. பிரிட்டன் வருகையாளர் விசாவுக்கு 3 மாதத்துக்கு முன்பே கொடுக்க முடியாது. சாதாரணமாக 3 வாரத்தில் முடிவு தெரியும்.

அதே தாளில் மூன்று காலாவதித் தேதிகளை எழுதுங்கள். ஒன்று பாஸ்போர்ட். ஷெங்கனுக்கு அது கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, அந்தப் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டாவது குடியிருப்பு அனுமதி. மேலே சொன்ன பயணத்துக்கு அது பிப்ரவரி 2 வரையாவது போக வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இருக்கும் நாட்டுக்குள் திரும்ப நுழையும் உரிமை. உங்கள் அனுமதி ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், வெளியே காலெடுத்து வைத்த கணத்தில் அது முடிந்துபோகலாம். மறுநுழைவு அனுமதி தேவைப்படும் நாடு என்றால் பயண விசாவைவிட முதலில் வாங்க வேண்டியது அது.

இன்னொன்று: விண்ணப்பம் உள்ளே இருக்கும் நாள்களில் பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் உள்ளே இருக்கும். சொந்த நாட்டில் அது ஒரு தொல்லை மட்டுமே. வெளிநாட்டில் அது உங்கள் அடையாள ஆவணம். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, வங்கிக்குப் போக, வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசம் என்று செய்தி வந்தால் உடனே விமானம் ஏற, எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். பிரிட்டன் விசாவுக்குக் கட்டணம் கட்டிப் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் வசதி பல மையங்களில் உண்டு. கனடா விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பாஸ்போர்ட் கேட்பார்கள். மற்றவற்றுக்கு, கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து, மையம் தரும் ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையே புதுப்பிக்க வேண்டுமென்றால், அது வசிக்கும் நாட்டிலுள்ள உங்கள் சொந்த நாட்டுத் தூதரகம் வழியாக நடக்கும். அதற்கான நாள்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். எண் மாறும். குடியிருப்பு அட்டையில் பழைய எண் இருந்தால் பழைய பாஸ்போர்ட்டையும் உடன் கொண்டுபோக வேண்டியிருக்கும். ரத்து முத்திரை குத்தியதை வீட்டு அலமாரியில் போட்டுவிட்டு வந்து தவிப்பவர்களை வரிசையில் நிற்கும்போது பார்க்கலாம்.

நான்காம் படி: காகிதங்கள்

தூதரகத்தின் தளத்தில் உள்ள பட்டியல்தான் வேதம். ஆனால் ஒரே நாட்டின் தூதரகம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு பட்டியல் வைத்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நீங்கள் வசிக்கும் நாட்டுக்கான பக்கத்தை. சொந்த நாட்டிலிருக்கும் நண்பர் அனுப்பிய பட்டியல் உங்களுக்கு உதவாது.

வேலை செய்பவர் என்றால் முதலாளி தரும் கடிதம் மிக முக்கியம். பதவி, சேர்ந்த நாள், சம்பளம், விடுப்பு நாள்கள் ஆகியவற்றோடு, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தேதியும் அதில் இருக்க வேண்டும். "எங்கே திரும்பிப் போவார்" என்பதற்கு அந்த ஒரு வரிதான் பதில். மாணவர் என்றால் அடுத்த பருவத்துக்கான சேர்க்கைச் சான்று அதே வேலையைச் செய்யும். வீட்டு வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய சான்று, குழந்தையின் பள்ளிக் கடிதம் எல்லாம் இந்தப் பக்கத்தில் எடை கூட்டுபவை.

பணம் காட்டுவதில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல்: சம்பளம் ஒரு நாட்டில், சேமிப்பு இன்னொரு நாட்டில். வசிக்கும் நாட்டுக் கணக்கை முதன்மையாக வையுங்கள். சம்பளம் மாதாமாதம் வந்து விழுவது அதில்தான் தெரியும். சொந்த நாட்டுக் கணக்கைத் துணையாகச் சேர்க்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெருந்தொகையை மாற்றிக் காட்டினால் கடன் வாங்கிப் போட்ட பணம் என்ற சந்தேகம்தான் வரும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு கணக்கின் விவரங்களையும் சேர்த்து, அனுப்பிய வரியையும் வந்த வரியையும் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். வசிக்கும் நாட்டின் மருத்துவக் காப்பீடு இதை ஈடுசெய்யும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் அப்படி இருந்தால் மட்டுமே சரி.

பிறப்புச் சான்று, திருமணச் சான்று போன்றவை சொந்த நாட்டில் வழங்கப்பட்டவை. அவற்றுக்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் சான்று, கேட்டால் கவனம் வேண்டும். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணத்தை வழங்கிய நாட்டின் அதிகார அமைப்புதான் அப்போஸ்டில் வைக்க முடியும். நீங்கள் வசிக்கும் நாட்டு அலுவலகம் வைக்காது, உங்கள் தூதரகமும் வைக்காது. மூல ஆவணத்தைச் சொந்த நாட்டுக்கு அனுப்பி வாங்க வேண்டும். கூரியர் போக வர ஆகும் நாள்களையும் சேர்த்தால் ஒரு மாதம் எளிதாகப் போய்விடும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இந்த முறைக்குள் வந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள் இவ்விரு நாட்டு ஆவணங்களுக்கும் பழைய சுற்றுவழியைச் சொல்லும்.

குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் காவல்துறைச் சான்றும் தேட வேண்டியிருக்கும். கனடா நிரந்தரக் குடியிருப்புக்குக் கடந்த 10 ஆண்டில் தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா கேட்பது மொத்தம் 12 மாதம் தங்கிய நாடுகளிலிருந்து. நாலைந்து நாடு மாறியவருக்கு விசாவைவிட இதுதான் பெரிய வேலை. ஒரு நாட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தச் சான்றை வாங்கும் நடைமுறையையாவது விசாரித்து வைத்துக்கொண்டால், பிறகு தொலைவிலிருந்து கைரேகைத் தாள் அனுப்பி அலைய வேண்டியிராது.

வெளிநாட்டில் வசிப்பது சாதகமாக அமையும் இடமும் ஒன்று உண்டு. பிரிட்டனில் 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குச் சில நாடுகளிலிருந்து வந்தால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அந்தப் பட்டியல் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது.

ஐந்தாம் படி: விளக்கக் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. "எனக்குச் சிறுவயது முதலே பயணம் செய்வதில் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் முழுதாகப் படிக்கப்போவதில்லை. என் இரண்டாவது விண்ணப்பத்தில் வைத்த கடிதத்தின் முதல் பத்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது, நாடுகளின் பெயரை எடுத்துவிட்டுத் தருகிறேன்:

"நான் அ நாட்டின் குடிமகன். மூன்று ஆண்டுகளாக ஆ நாட்டில் பணி அனுமதியுடன் வசிக்கிறேன். அந்த அனுமதி இன்னும் 22 மாதம் செல்லும் (இணைப்பு 1). அக்டோபர் 20 முதல் நவம்பர் 2 வரை இ நாட்டில் விடுமுறையைக் கழிக்க விரும்புகிறேன். நவம்பர் 4 அன்று ஆ நாட்டில் பணிக்குத் திரும்புகிறேன் (இணைப்பு 2). நான் வசிப்பது ஆ நாட்டில் என்பதால் இந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறேன்."

அவ்வளவுதான். அதிகாரி கேட்கக்கூடியதை அவர் கேட்கும் வரிசையிலேயே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண் போட்டுவிட்டால் அவர் தேட வேண்டியதில்லை. கோப்பில் இடறும் விஷயம் ஏதாவது இருந்தால், எடுத்துக்காட்டாக வேலை மாறிய நடுவில் இரண்டு மாத இடைவெளி, இரண்டாம் பத்தியில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: படிவமும் கைரேகையும்

படிவத்தில் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், முகவரி குடியிருப்பு அட்டையில் உள்ளபடியும் இருக்க வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாகப் போடுபவர்களுக்குப் பெயர் தீராத தலைவலி: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், வசிக்கும் நாட்டு அட்டையிலோ அந்த இடத்தில் எதையாவது நிரப்பியிருப்பார்கள். பாஸ்போர்ட்டைப் பின்பற்றி நிரப்புங்கள், வேறுபாட்டைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பிரிட்டன் விண்ணப்பத்தில் ஏமாற்று என்று பதிவானால் 10 ஆண்டுவரை தடை வரலாம். அமெரிக்காவில் பொய்யான தகவல் கொடுத்தது நிரூபணமானால் விலக்கு பெறாதவரை ஆயுளுக்கும் தடைதான்.

ஷெங்கனுக்கு முன்பே கொடுத்த கைரேகை 59 மாதம்வரை செல்லும், கனடாவுக்குக் கொடுத்தது 10 ஆண்டு. வேறு நாட்டில் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. புகைப்பட அளவு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஷெங்கனுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 51க்கு 51.

நேர்காணல் இருந்தால், "ஏன் உங்கள் நாட்டில் விண்ணப்பிக்கவில்லை?" என்பதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்கட்டும். "என் வேலையும் வீடும் இங்கே இருக்கிறது" என்பது போதும். விளக்கம் நீண்டால் சந்தேகமும் கூடவே நீளும்.

ஏழாம் படி: காத்திருக்கும் நாள்கள்

உங்கள் தங்கும் அனுமதி ஒரு நாள்கூட அறுபடக் கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது கூடுதலாகத் தங்குவதற்கு உரிமை தராது.

அமெரிக்காவில் வசிப்பவர்கள் பக்கத்து நாட்டுக்குப் போய் விசாவைப் புதுப்பிக்க நினைத்தால், மேலே சொன்ன 2025 விதியைத் தவிர இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. விசா காலாவதியாகியிருந்தாலும், எத்தனை நாள் தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவு செல்லுபடியாக இருந்தால், கனடா அல்லது மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்வர விதி அனுமதிக்கிறது. ஆனால் போன இடத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். விசா கைக்கு வரும்வரை திரும்ப முடியாது. ஒரு வாரப் பையோடு கிளம்பியவர் மாதக்கணக்கில் அங்கேயே உட்கார நேரலாம்.

விசா வந்த பிறகு

கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், எத்தனை முறை நுழையலாம் என்பதைப் பாருங்கள். ஷெங்கன் விசாவில் செல்லுபடியாகும் காலம் வேறு, தங்கக்கூடிய நாள்களின் எண்ணிக்கை வேறு. பிழை இருந்தால் அப்போதே சொன்னால் திருத்துவது எளிது. இடையில் விமானம் மாறும் நாட்டுக்கு இடைவழி விசா வேண்டுமா என்பதையும் உங்கள் குடியுரிமையை வைத்துப் பாருங்கள். சில நாடுகளில் வசிப்பதற்கான அட்டை வைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

மறுத்துவிட்டால்

ஷெங்கன் மறுப்பு ஓர் அச்சுப் படிவத்தில், காரணத்துக்கு எதிரே குறியிட்டு வரும். முடிவெடுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம். கால அவகாசம் அதிலேயே எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்தவரை, காகிதக் குறைபாட்டால் வந்த மறுப்புக்கு மேல்முறையீட்டைவிடக் குறையைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிப்பது விரைவானது. திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்பாதபோது அமெரிக்கா தரும் 214(பி) பிரிவு மறுப்புக்கு மேல்முறையீடே இல்லை; சூழ்நிலை மாறிய பின் மறுபடி விண்ணப்பிக்கலாம். 221(ஜி) என்று வந்தால் அது பெரும்பாலும் இன்னும் ஆவணமோ சரிபார்ப்போ தேவை என்று பொருள், கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியதால் விசா செல்லாமல் போனவர்கள் மட்டும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, குடியுரிமை உள்ள நாட்டுக்குப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். 222(ஜி) என்ற பிரிவு அப்படிச் சொல்கிறது.

வசிக்கும் நாட்டில் மறுத்ததும் அடுத்த வாரமே வேறொரு நாட்டிலுள்ள அதே தூதரகத்தில் போய்க் கேட்பதில் பயனில்லை. ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் மறுப்பு பதிவாகியிருக்கும், எந்தக் கவுன்ட்டரிலிருந்து பார்த்தாலும் தெரியும். நான் செய்தது, அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஒன்பது வாரம் காத்திருந்ததுதான். பிறகு அதே மையத்துக்கு, அதே உறையோடு, புதிய வங்கி விவரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போனேன். இந்த முறை இருந்தவர் வேறொருவர். அவரும் முதலில் கேட்டது அட்டையைத்தான்.